வரிசையில் முதலில் நின்ற குடம்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருபத்தெட்டு வருஷமாகத் தினமும் சைக்கிளில் வேலைக்குப் போகிறவன் நான். தூத்துக்குடி வெயிலில், எதிர்க்காற்றில் மூச்சிரைக்க மிதித்துக்கொண்டு போகிறவனிடம் பின்னாலிருந்து ஹாரன் அடித்து, "அண்ணாச்சி, ஓரமாப் போங்க" என்று சொன்னால் கோபம் வராமல் என்ன செய்யும்? ஓரத்தில் என்ன இருக்கிறது? சாக்கடை இருக்கிறது.

அதனால் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது, உண்மையைச் சொன்னால், முதல் இரண்டு நாள் எனக்குக் கொண்டாட்டமாகவே இருந்தது. ஹாரன் அடிக்க ஆளில்லை. நடுரோட்டில் மாப்பிள்ளை மாதிரி போனேன்.

இந்த ஊரில் எதற்குத் தட்டுப்பாடு வந்தாலும் ஜனங்கள் முதலில் கடலைத்தான் பார்ப்பார்கள். "கப்பல் வரலயாம்" என்று ஒருவன் சொன்னால் போதும். அந்த வாரமும் அப்படித்தான் கிளம்பியது. பீச் ரோட்டில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீஸில் எனக்கு வேலை. எந்தக் கப்பல் தளத்தில் நிற்கிறது, எது வெளியே நங்கூரம் போட்டிருக்கிறது என்று தினமும் காலையில் பட்டியல் அடித்துக் கொடுப்பதுதான் என் உத்தியோகம். எண்ணெய்க் கப்பல் வந்துதான் இருந்தது. காற்று பலமாக இருந்ததால் உள்ளே வராமல் வெளியே நின்றது. இரண்டு மூன்று நாள் தாமதம், அவ்வளவுதான். டீக்கடையில் நிற்கும்போது இதைச் சொன்னேன்.

"ஏலே, கப்பல் வெளிய நிக்காம். இவர் சொல்லுதாரு" என்று ஒருவன் சிரித்தான்.

"சைக்கிள்ல போறவருக்குப் பெட்ரோலப் பத்தி என்னடே தெரியும்?" என்றான் இன்னொருவன்.

நான் பாதி டீயை வைத்துவிட்டு வந்துவிட்டேன். இனி எவனிடமாவது கப்பல் பேச்சு எடுத்தால் என்னை ஏன் என்று கேளுங்கள் என்று மனதுக்குள் சபதம் போட்டுக்கொண்டேன். எங்கள் தெருவில் பாதிப்பேர் மொட்டைமாடியில் ஏறிக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தூரத்தில் ஒரு கப்பல் தெரிந்ததும் ஒருவர் கைதட்டி, "அந்தா வந்துட்டு!" என்றார். அது அனல்மின் நிலையத்துக்கு வந்த கரிக்கப்பல். நான் வாயைத் திறக்கவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் ஒரு வேலை செய்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பங்க்குக்குப் போவார், வரிசையில் நிற்பார், டேங்கை நிரப்பிக்கொண்டு வருவார். எல்லாம் மூடிக்கொண்டு வருவதால் ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் தூரத்துப் பங்க்குக்குப் போக வேண்டியிருந்தது. போக வர எரிந்த பெட்ரோலை மறுபடி நிரப்ப மறுபடி போவார். அந்த மூன்று நாளும் அவர் வேறு எங்குமே போகவில்லை. "எப்பவும் டேங்க் ஃபுல்லா இருக்கணும், அதான் புத்திசாலித்தனம்" என்று எனக்குப் புத்தி வேறு சொன்னார்.

மூன்றாம் நாள் உப்பு. சிரிக்காதீர்கள். லாரி ஓடாது, லாரி ஓடாவிட்டால் உப்பு வராது என்று எவனோ கிளப்பிவிட்டான். தூத்துக்குடியில்! ரோட்டின் இரண்டு பக்கமும் உப்பு அம்பாரம் அம்பாரமாகக் குவிந்து கிடக்கிற ஊரில், மளிகைக் கடை வாசலில் உப்புப் பாக்கெட்டுக்கு அடிதடி. தினமும் காலையில் என்னோடு கொஞ்ச தூரம் சைக்கிளில் வருகிற ஒரு பெண் உண்டு. உப்பளத்தில் வேலை செய்கிறவள். அன்றைக்கு அவள் சைக்கிளை ஓட்ட முடியாமல் சிரித்துக்கொண்டே வந்தாள்.

"அண்ணாச்சி, எங்க வீட்டுக்காரர் நேத்து அஞ்சு கிலோ உப்பு வாங்கியாந்திருக்காரு. முட்டளவு உப்புல நின்னுட்டு வீட்டுக்குப் போறேன், வாசல்ல உக்காந்துக்கிட்டு, 'ஏளா, கவலப்படாத, உப்பு கெடச்சிட்டு'ங்காரு."

"நீ என்ன சொன்ன?"

"காலக் கழுவாம உள்ள போயிட்டேன். இன்னொரு அரைக் கிலோ வச்சுக்கிடட்டும்."

இப்படிச் சிரித்துக்கொண்டே நான் அந்த வாரத்தைக் கடத்தியிருப்பேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஏரலில் என் தங்கை மகளுக்குக் காதுகுத்து.

எனக்கு இருப்பது அந்த ஒரு தங்கைதான். அப்பா அம்மா இல்லை. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. கோபக்காரன் என்று பெண் கொடுக்கவில்லை, அந்தக் கோபத்தில் நானும் கேட்பதை விட்டுவிட்டேன். தங்கையை ஏரலில் கடை வைத்திருக்கிற குடும்பத்தில் கட்டிக்கொடுத்தோம். ஒன்பது வருஷம் பிள்ளையில்லாமல், கோவில் கோவிலாக அலைந்து, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கிப் பிறந்த பிள்ளை அது. காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். மாமன் என்று இருப்பது நான் ஒருத்தன். நல்ல நேரம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு. அதற்குள் நான் போகாவிட்டால் வேறொரு ஆளை மாமன் முறையில் உட்கார வைப்பார்கள். யாரை உட்கார வைப்பார்கள் என்றும் எனக்குத் தெரியும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் தங்கையின் புதுவீட்டுப் பால்காய்ப்புக்கு நான் சைக்கிளில் போனேன். குத்துவிளக்கைத் துண்டில் சுற்றிக் கேரியரில் கட்டிக்கொண்டு, விடியக்காலையில் கிளம்பி முப்பது கிலோமீட்டர் மிதித்துப் போனேன். வாசலில் தங்கை மாப்பிள்ளையின் அத்தை மகன் நின்றான். என்னை விட்டால் பிள்ளைக்கு மாமன் முறை அவன்தான். அவனுக்குத் தூத்துக்குடியில் பெரிய கடை, மூன்று கார். என்னைப் பார்த்ததும் சத்தமாகச் சொன்னான்: "மாமன் ரதம் வந்துட்டுடே! பெட்ரோலே வேண்டாம், ரெண்டு இட்லி போட்டா முப்பது கிலோமீட்டர் ஓடும்!" பந்தலே சிரித்தது. தங்கை மாமியார் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். விளக்கைக் கொடுத்தேன், ஆபீஸில் அவசர வேலை என்றேன், திரும்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஆபீஸில் என்ன அவசரம் என்று யாரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு தங்கை என்னோடு சரியாகப் பேசவில்லை. நானும் பேசவில்லை. காதுகுத்துக்குக் கூப்பிட ஃபோன் செய்தபோது முதல் பேச்சே அதுதான்.

"எண்ணே, நீ கார்லதான் வரணும்."

"எதுக்குளா?"

"சைக்கிள்ல வந்து எறங்குன, உன் மொகத்துல முழிக்க மாட்டேன். சொல்லிட்டேன்."

ஃபோனை வைத்துவிட்டாள். ஓகோ, இவளுக்கும் நம்மைக் கண்டால் வெட்கமாகப் போய்விட்டதா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ஆனாலும் பிள்ளைக்காக டிராவல்ஸில் ஒரு காருக்குச் சொன்னேன். பிள்ளைக்குப் பட்டுப்பாவாடை, கம்மல், சீருக்கு ஒரு பித்தளைக் குடம் எல்லாம் வாங்கினேன். குடம் நல்ல கனம், முகம் பார்க்கலாம் போலப் பளபளவென்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு டிரைவர் ஃபோன் செய்தான்.

"அண்ணாச்சி, வண்டி இருக்கு, நானும் இருக்கேன். பெட்ரோல்தான் இல்ல."

"லே, நேத்து சாயங்காலம்கூட இருக்குன்னு சொன்னியேலே!"

"இருந்துச்சு அண்ணாச்சி. பெட்ரோல் தேடிப் போனதுல தீந்துபோச்சு."

இந்த ஊரில் புத்திசாலி ஒருவர்தான் இருக்கிறார் என்று நினைத்தேன், அது தப்பு. பஸ் நிறுத்தத்துக்கு ஓடினேன். வண்டி வைத்திருக்கிறவன் எல்லாம் பஸ்ஸுக்கு வந்துவிட்டதால் படியில் கால் வைக்க இடமில்லை. முதல் பஸ் நிற்காமலே போனது. இரண்டாவது நின்றது, கண்டக்டர் குடத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். இனி யோசிக்க ஒன்றுமில்லை. முகத்தில் முழிக்காவிட்டால் போகிறாள், பிள்ளை என் மடியில் உட்கார வேண்டும். வீட்டுக்கு வந்து சைக்கிளை எடுத்தேன். கம்மல் சட்டைப்பையில், பட்டுப்பாவாடைப் பை ஹேண்டில்பாரில், குடம் கேரியரில்.

ஊருக்கு வெளியே போகிற ரோட்டில் ஒரு பங்க் இருக்கிறது. அங்கே காற்று எப்போதும் இலவசம். பின் டயர் கொஞ்சம் அமுங்கியிருந்ததால் நிறுத்தினேன். பங்க்கு முன்னால் கயிறு கட்டி 'ஸ்டாக் இல்லை' என்று அட்டை தொங்கியது. ஒரு ஈ காக்கை இல்லை. உள்ளே ஊழியர் ஒருவர் மட்டும் இருந்தார்.

"பெட்ரோல் இல்ல அண்ணாச்சி. காத்துதான் இருக்கு" என்றார். "கம்ப்ரசர் ஏறணும், பத்து நிமிஷம் ஆவும். சைக்கிள கயித்துக்கிட்ட விட்டுட்டு ஒரு டீ குடிச்சிட்டு வாங்க."

சரியென்று சைக்கிளைக் கயிற்றுக்கு முன்னால் ஸ்டாண்டு போட்டுவிட்டு, ரோட்டைக் கடந்து எதிர்க்கடைக்குப் போனேன். என் வாழ்க்கையில் நான் குடித்த டீக்களிலேயே விலை அதிகமான டீ அதுதான்.

இங்கே எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். தண்ணீர்க் கஷ்டத்திலேயே வளர்ந்த ஊர் இது. லாரித் தண்ணீர் வருவதற்கு முன்னால் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. அதை யாரும் நகர்த்தக் கூடாது. லாரி வந்து நம் முறை வரும்போது நாம் இல்லாவிட்டால், பின்னால் நிற்கிறவர் நம் குடத்தை நிரப்பி ஓரமாக வைத்துவிட்டுத்தான் தன் குடத்தைப் பிடிக்க வேண்டும். எங்கள் தெருவில் இந்தச் சட்டத்தை அமல்படுத்துகிறவர் கோடி வீட்டு அக்கா. அறுபது வயது. சாக்பீஸ் வைத்துக் குடத்தில் எல்லாம் நம்பர் போடுவார். அந்த நம்பரை அழித்தவன் அதற்குப் பிறகு தெருவில் குடியிருந்ததில்லை.

டீயைக் குடித்துவிட்டுத் திரும்பினேன். என் சைக்கிளுக்குப் பின்னால் ஒரு வரிசை நின்றது. பைக்குகள், ஆட்டோக்கள், கார்கள், ஒரு குட்டியானை லாரி, எல்லாம் ரோடு வளைவு வரைக்கும். ஏதோ கல்யாண ஊர்வலம் நிற்கிறது என்று நினைத்துவிட்டேன். நடுவில் சாக்பீஸும் கையுமாக நின்றது யார்? எங்கள் தெரு அக்கா.

"வாங்க தம்பி, வாங்க!" என்று என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தார். பின்னால் நின்றவர்களிடம் திரும்பி, "நான் சொல்லல? இவருதான். கப்பல் ஆபீஸ்ல வேல. லோடு எப்ப வரும்னு இவருக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?" என்றார்.

விஷயம் இதுதான். ரோட்டோடு போன இரண்டு பைக்காரர்கள், மூடிய பங்க்கின் வாசலில் கேரியரில் குடத்தோடு ஒரு சைக்கிள் நிற்பதைப் பார்த்திருக்கிறார்கள். குடம் நின்றால் வரிசை. வரிசை இருந்தால் லோடு வருகிறது. உடனே பின்னால் நின்றுவிட்டார்கள். பிறகு ஸ்கூட்டரில் வந்த அக்கா, அது என் சைக்கிள் என்று கண்டுபிடித்திருக்கிறார். கப்பல் ஆபீஸ்காரன் பித்தளைக் குடத்தோடு வந்து இடம் பிடித்திருக்கிறான் என்றால் கப்பல் வந்துவிட்டது என்று அர்த்தம். அது போதாதா? டீக்கடையில் நான் வாயால் சொன்னதை ஒருத்தன் நம்பவில்லை. என் சைக்கிள் சும்மா நின்றதை அறுபது பேர் நம்பினார்கள்.

"அக்கா, நான் காத்தடிக்க வந்தேன்" என்றேன்.

"காத்தடிக்கக் கொடம் எதுக்கு தம்பி?"

"அது சீர்க் கொடம்."

"பாத்தியளா, எவ்வளவு வெவரமா பேசுதாரு!" என்று ஒரு ஆட்டோக்காரர் மெச்சினார். "நமக்குத் தெரிஞ்சா எல்லாரும் வந்துருவோம்னுதான் இப்பிடிச் சொல்லுதாரு."

நான் சைக்கிளின் ஸ்டாண்டைத் தட்டினேன். அவ்வளவுதான், பின்னால் நின்ற இரண்டு பைக்காரர்களும் ஒருவன் சட்டையை ஒருவன் பிடித்தான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வந்தவர்களாம். எனக்கு அடுத்தது யார் என்பதில் சண்டை வராமல் அக்கா இரண்டு பேருக்கும் இரண்டாம் நம்பரே போட்டிருக்கிறார். நான் முதலில் நிற்கிறவரைக்கும் அது தாங்கும். நான் போனால் முதல் நம்பர் யார்?

"தம்பி, நீங்க சைக்கிள எடுத்தா இங்கன கொல விழும்" என்றார் அக்கா.

"விழட்டும்! எனக்குப் பத்தரைக்கு ஏரல்ல காதுகுத்து. மாமன் நான். அந்தப் பிள்ள யார் மடியில இருக்கும்?"

இதற்கு மேல் நான் கோபத்தில் சொன்னதை இங்கே எழுத முடியாது. பங்க் ஊழியர் காதைப் பொத்திக்கொண்டு வந்து, அந்தக் கூட்டத்துக்கு நடுவிலேயே என் டயருக்குக் காற்றடித்துவிட்டுப் போனார். நல்ல மனுஷன். ஆனால் காதுகுத்து என்றதும் அக்காவின் முகம் மாறிவிட்டது.

"ஐயோ, மாமன் மடிக்குப் பிள்ள காத்துக்கிட்டா இருக்கு? அத மொதல்லயே சொல்லப்படாதா? போங்க தம்பி, ஒடனே போங்க. சைக்கிள எடுத்துக்கிடுங்க." நான் நிம்மதியாக மூச்சு விடுவதற்குள் கையை நீட்டினார். "கொடத்த மட்டும் வச்சிட்டுப் போங்க."

"அக்கா, அது சீரு!"

"எனக்குத் தெரியும். நான் இருக்கேன்லா, ஒரு கீறல் விழாது. கொடம் நின்னா நீங்க நின்ன மாதிரி."

"ஒரு கல்ல வைக்கேன், செருப்ப வைக்கேன்."

"கல்லயும் செருப்பயும் எவன் மதிப்பான்? கொடம்னாத்தான் மதிப்பு."

மணி எட்டே முக்கால். சண்டை போட்டு ஜெயிக்க நேரமில்லை. சீர்க் குடம் இல்லாமல், கார் இல்லாமல், வெறும் ஆளாகப் போய் நிற்கப் போகிறேன். ஆனால் மடி என்னிடம்தான் இருக்கிறது, அதை எவனும் வரிசையில் வாங்கி வைக்க முடியாது. குடத்தை இறக்கிக் கயிற்றுக்கு முன்னால் வைத்தேன். அக்கா அதன் பளபளக்கிற வயிற்றில் சாக்பீஸால் '1' என்று எழுதினார்.

அதற்குப் பிறகு மிதித்தேன் பாருங்கள், அப்படி நான் எப்போதும் மிதித்ததில்லை. ரோடு காலியாகக் கிடந்தது. பங்க்குகளின் வாசலில் மட்டும் ஜனம். பைக்கைத் தள்ளிக்கொண்டு போகிறவர்கள் என்னைப் பொறாமையாகப் பார்த்தார்கள். ஒருவன் கேட்டேவிட்டான், "அண்ணாச்சி, சைக்கிள விக்கியளா?" என்று. வேறு நாளாக இருந்தால் இறங்கி நின்று ரசித்திருப்பேன்.

சாயர்புரம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், ஒரு பெரியவர் மொபெட்டை மரத்தில் சாய்த்து வைத்துவிட்டு, கையில் சின்னத் தோல்பையோடு ரோட்டை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கையைக் காட்டினார். நிறுத்தினேன்.

"ஏரலுக்குப் போறியளா? வர்ற வழியில ஏதாவது கார் பாத்தியளா?"

"கார் ஒண்ணும் வரல. என்ன விஷயம்?"

"நான் நக ஆசாரி. ஏரல்ல ஒரு காதுகுத்து, பத்தரைக்கு அங்க நிக்கணும். வண்டியில பெட்ரோல் இல்ல. மாமன்காரன் தூத்துக்குடியிலேர்ந்து கார்ல வாரானாம். அவன் வந்தா ஏறிக்கிடலாம்னு ஒரு மணி நேரமா நிக்கேன். அந்தப் பயலக் காணும்."

"அந்தப் பய நான்தான்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார், குடம் இல்லாத கேரியரைப் பார்த்தார். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்துகொண்டார். நல்ல உடம்பு. வழியெல்லாம் பின்னாலிருந்து, "மெதுவா, மெதுவா, ஊசி இருக்கு, குத்திறப் போவுது" என்று சொல்லிக்கொண்டே வந்தார். குடம் மட்டும் கேரியரில் இருந்திருந்தால் அவரை எங்கே உட்கார வைத்திருப்பேன்? இது எனக்கு அப்போது தோன்றவில்லை. அப்போது தோன்றியதெல்லாம் இந்த மனுஷன் கொஞ்சம் குறைவாகச் சாப்பிட்டிருக்கலாம் என்பதுதான்.

ஆற்றங்கரைக் கோவில் மண்டபத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தே முக்கால். முந்நூறு பேருக்குச் சமைத்து வைத்திருந்தார்கள். நடந்து வரக்கூடிய தூரத்தில் இருந்த இருபது இருபத்தைந்து பேர்தான் இருந்தார்கள். அன்றைக்கு என் சைக்கிளைப் பார்த்துச் சிரித்த அந்த மூன்று கார்க்காரனைக் காணவில்லை. தங்கை மாமியார் வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"கார் எங்க?" என்றாள் என் பின்னால் எட்டிப்பார்த்து.

தங்கை இடுப்பில் பிள்ளையோடு ஓடிவந்தாள். சைக்கிளைப் பார்த்தாள். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. முகத்தில் முழிக்க மாட்டேன் என்று சொன்னவள்தானே, போ, முழிக்காதே என்று நானும் வேறு பக்கம் பார்த்தேன். ஆனால் ஆசாரி கேரியரிலிருந்து இறங்கியதும் மண்டபத்தில் ஒரே சத்தம். அவர் வரமாட்டார் என்று எல்லோரும் கைவிட்டிருந்தார்களாம்.

"உக்காருங்க, உக்காருங்க, நேரம் போவுது" என்று ஐயர் அவசரப்படுத்தினார்.

உட்கார்ந்தேன். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய அந்த மண்டை என் நெஞ்சில் சாய்ந்தது. அது வரைக்கும் நான் அந்தப் பிள்ளையைத் தூக்கியது இரண்டு தடவைதான். ஊசி பட்டதும் ஊரே கேட்கிற மாதிரி கத்தினாள், என் கட்டைவிரலைக் கடித்தாள், வேட்டியை நனைத்தாள். இரண்டாவது காதும் முடிந்தது. கம்மலைப் போட்டார்கள்.

பிறகு மாமியார் மெதுவாக ஆரம்பித்தாள். "மாமன் சீருன்னு ஏதோ கொடம்னு சொன்னாவ. காணுமே?"

பொய் சொல்ல எனக்கு வராது. "அது பெட்ரோல் வரிசைல நிக்கி" என்றேன்.

தங்கை மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். தங்கை பிள்ளையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். நான் சைக்கிளை எங்கே விட்டேன் என்று கண்ணால் தேட ஆரம்பித்தேன். பன்னிரண்டு மணி இருக்கும், வாசலில் கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டது.

மூன்று கார்க்காரன் இறங்கி வந்தான். பட்டுச்சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. தண்ணீருக்குப் போய் வருகிற பெண்களைப் போல இடுப்பில் குடத்தை வைத்துக்கொண்டு, ஒருக்களித்து ஒருக்களித்து நடந்து வந்தான். குடத்தின் வாயை வாழை இலையால் மூடிக் கயிறு கட்டியிருந்தது. வயிற்றில் '1'.

"இந்தாங்க உங்க கொடம்" என்று என் முன்னால் வைத்தான். தளும்பியது. வாடை குப்பென்று அடித்தது.

"லே, என்னதுலே உள்ள?" என்றாள் மாமியார்.

"பெட்ரோல்."

ஐயர் ஒரே தாவில் விளக்கை அணைத்தார்.

அவன் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னான். நான் போன பிறகு அவன் காரோடு வந்து அதே வரிசையில் நின்றிருக்கிறான், பல நம்பர் தள்ளி. பத்து மணிக்கு நிஜமாகவே லோடு வந்துவிட்டது. கயிற்றை அவிழ்த்ததும் அக்கா, "மொத நம்பர் நெறையாம அடுத்த நம்பர் கெடையாது" என்று நின்றுகொண்டாராம். குடத்தில் ஊற்றக் கூடாது என்று பங்க் ஊழியர் சொல்லியிருக்கிறார். இல்லாத ஆளின் குடத்தை நிரப்பி வைப்பதுதான் முறை என்று அறுபது பேரும் கத்தியிருக்கிறார்கள். அவ்வளவு நேரம் குடத்துக்குப் பின்னால் நின்றவர்கள், அதைத் தாண்டிப் போக யாருக்கும் மனசு வரவில்லை. நிரப்பிவிட்டார்கள். பிறகு ஏரல் காதுகுத்துக்கு யார் போகிறீர்கள் என்று அக்கா கேட்டிருக்கிறார். இவன் கையைத் தூக்கியிருக்கிறான்.

"'அப்ப நீ ரெண்டாம் நம்பர். கொடத்தக் கொண்டு சேக்க வேண்டியது உன் பொறுப்பு'ன்னுட்டு அந்தப் பொம்பள. அந்த ரெண்டு பைக்காரனும் இப்ப மூணாம் நம்பருக்கு அடிச்சிக்கிட்டு நிக்கானுவ."

குடத்தை வெளியே கொண்டுபோய், அடுப்பு இல்லாத பக்கமாக, வேப்பமரத்தடியில் வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் அங்கே பாட்டிலும் கையுமாகக் கூட்டம் சேர்ந்துவிட்டது. எல்லோருடைய வண்டியும் வீட்டில் காய்ந்து கிடந்தது. முதலில் வந்து நெளிந்தது மாமியார்தான். "ஏளா, சின்னவன் வண்டிக்கு ஒரு டம்ளர் ஊத்தேன்."

தங்கை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு குடத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "வரிசையா வாங்க" என்றாள். "எங்கண்ணன் சீரு இது. ஆளுக்கு ஒரு டம்ளர்தான்." ஆசாரிக்கு மட்டும் இரண்டு டம்ளர் ஊற்றினாள். ஒவ்வொருவருக்கும் ஊற்றும்போது, "எங்கண்ணன் சீரு", "எங்கண்ணன் சீரு" என்று சொல்லிச் சொல்லி ஊற்றினாள். என் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

சரி, எல்லாம் முடிந்தது என்று நான் சைக்கிளிடம் போனேன். ஆபீஸில் அவசர வேலை என்று சொல்ல வாயைத் திறந்தேன். தங்கை டம்ளரைப் போட்டுவிட்டு ஓடிவந்து ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டாள். கையெல்லாம் பெட்ரோல் வாடை.

"எங்க போற? சாப்பிட்டியா?"

"பரவால்ல ளா. நீதான் சைக்கிள்ல வரக்கூடாதுன்ன..."

"ஏன் சொன்னேன்னு கேட்டியா?" கண்ணில் தண்ணீர் நின்றது. "அன்னைக்கு இவனுவ சிரிச்சானுவ, நீ சாப்பிடாமப் போயிட்ட. உனக்குன்னு எல போட்டு வச்சிருந்தேன். அத எடுக்க மனசு வராம சாயங்காலம் வரைக்கும் அப்படியே கெடந்துச்சு. கார்ல வந்தா ஒருத்தனும் சிரிக்க மாட்டான், நீ இருந்து சாப்பிட்டுட்டுப் போவன்னு நெனச்சேன். அதுக்குத்தான் கார், காருன்னு உன் உயிர எடுத்தேன். வேற எதுக்கு?"

மூன்று வருஷம். மூன்று வருஷமாக இவளுக்கு என்னால் வெட்கம் என்று நினைத்துக்கொண்டு, பேசாமல், ஃபோன் வந்தால் எடுக்காமல், பிள்ளையைக் கூட இரண்டே தடவை பார்த்து, என்ன மனுஷன் நான்? எனக்குக் கோபம் சீக்கிரம் வரும் என்று சொன்னேன். அழுகையும் அப்படித்தான், அதைச் சொல்லவில்லை.

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் உட்கார வைத்தாள். இலையைப் போட்டு, தண்ணீர் தெளித்தாள். மதியச் சாப்பாடு தயாராக இருந்தது, ஆனால் அவள் காலைப் பலகாரத்தில் மிச்சமிருந்த இட்லிச் சட்டியைத்தான் முதலில் கொண்டுவந்தாள். இரண்டு இட்லி வைத்துச் சாம்பார் ஊற்றினாள். எதிர்ப்பந்தியில் மூன்று கார்க்காரன் உட்கார்ந்திருந்தான். எங்கள் இரண்டு பேரையும் பார்த்தான், இட்லியைப் பார்த்தான், வாயைத் திறக்கவில்லை.

நான் சாப்பிட்டேன். ஆறிப்போன இட்லிதான். இலையைக் காலி செய்துவிட்டு நிமிர்ந்து, அவனுக்கும் கேட்கிற மாதிரியே சொன்னேன்.

"ஊருக்கு முப்பது கிலோமீட்டர் மிதிக்கணும்லா. இன்னும் ரெண்டு வை ளா."